பள்ளி நாடகம்: வாத்தியார் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்பது எப்படி?

முதன்முதலில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டபோது நானே உட்கார்ந்து எழுதினேன். மரம் வளர்ப்பைப் பற்றி. "நண்பனே, மரங்கள் நமக்கு உயிர்மூச்சு அல்லவா?" என்கிற ரகம். மேடையில் ஒருவன் ஒரு வரியை மறந்தான். மற்ற ஆறு பேரும் மரமாகவே நின்றார்கள். அது அவர்கள் பேச்சே இல்லை, வேறு எதைச் சொல்லிச் சமாளிப்பார்கள்?

நாடகக்காரர்கள் எழுதிப் பழக்குபவரை வாத்தியார் என்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்தியபோது வாத்தியார் எழுதினார், பையன்கள் பாடம் செய்தார்கள். பள்ளியில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். எட்டுப் பத்து பிள்ளைகள், பத்து நிமிட நாடகம், மூன்று வாரம் போதும்.

1. கதை கேட்காதீர்கள், சண்டை கேளுங்கள்

"ஒரு கதை சொல்லுங்க" என்றால் போன வாரம் பார்த்த சினிமாதான் வரும். "கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க?" என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் வந்தது இது: சத்துணவு வரிசையின் கடைசியில் இரண்டு பேர், மிச்சம் ஒரே முட்டை. நாடகத்துக்கு இவ்வளவு போதும். இடம் மாறாமல், நேரம் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் மாறினால் விளக்கை அணைத்து பெஞ்சை இழுக்க வேண்டும். அந்த இருட்டில் கூட்டம் விசிலடிக்கும்.

2. நின்றுகொண்டே எழுதுங்கள்

எழுத உட்கார்ந்தால் பிள்ளைகளின் கை கட்டுரை நோட்டுக்குப் போய்விடுகிறது. முதலில் எழுதி வந்தது இப்படி: "தோழி, இந்த முட்டை உனக்கே உரியது. பகிர்ந்து உண்பதே நற்பண்பு." சரி, தாளை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் சண்டை போடுங்கள் என்றேன். போனில் பதிவு செய்தோம்.

"நீ நேத்து ரெண்டு வாங்கினல்ல?"
"அதுல ஒண்ணு உடைஞ்சது. உடைஞ்சதெல்லாம் கணக்கா?"
"வாய்க்குள்ள போச்சுல்ல? கணக்குதான்."

இதைக் கேட்டுக் கேட்டு அப்படியே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வெட்டலாம். கொங்குப் பேச்சோ நெல்லைப் பேச்சோ, வருவது வரட்டும். பிழை திருத்தும் சிவப்பு மையைப் பையிலேயே வையுங்கள். முடிவும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். எங்கள் நாடகத்தில் முட்டை யாருக்கு என்று தெரியவே தெரியாது. மணி அடிக்கிறது, இருவரும் தட்டோடு நிற்கிறார்கள், முடிந்தது. பகிர்ந்து உண்பது பற்றி ஒரு வரி சேர்க்க எனக்குக் கை அரித்தது உண்மைதான்.

3. இயக்குநர் நடிக்கக் கூடாது

உள்ளே நின்று நடிப்பவருக்கு வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது என்பது தெரியாது. அதனால் நடிக்காத ஒருவரை இயக்குநராக்குங்கள். சத்தமாகப் பேசுபவரைவிட, "சார், அவ தட்டைக் கை மாத்திட்டா" என்று கவனித்துச் சொல்பவர்தான் தேவை.

அவருக்குச் சாக்பீஸ், ஒரு நோட்டு, கடைசி பெஞ்ச். மேடையைக் காலடியால் அளந்து, அதே அளவை வகுப்புத் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். காது கேட்காதபோது அவர் கை தூக்குவார். நடிப்பவர் அந்த வரியைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

பிள்ளை இயக்குநர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: தானே நடித்துக் காட்டிவிட்டு "இப்படிப் பண்ணு" என்பது. நடிப்பவர் அதைக் காப்பி அடிப்பார். அதற்குப் பதில் கேள்வி கேட்கப் பழக்குங்கள். "உனக்கு முட்டை வேணுமா, இல்ல அவ தோக்கணுமா?" என்று எங்கள் இயக்குநர் ஒருநாள் கேட்டாள். அடுத்த ஒத்திகையில் அந்தப் பெண் முட்டையைப் பார்க்கவே இல்லை, எதிரே நின்றவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கையும் இயக்குநர்தான் யோசிக்க வேண்டும். ஸ்டாண்டு மைக்கைக் கண்டால் எல்லாரும் ஓடிப்போய் வரிசையாக நின்றுவிடுவார்கள். சோற்று அண்டாவை மைக் பக்கத்தில் வைத்தோம். பேச வருபவர்கள் சோறு வாங்க வருவது போலவே இருந்தது.

4. செட்டுக்குப் பதில் கூத்து

தெர்மாகோலில் சமையல்கூடம் செய்ய வேண்டாம். தெருக்கூத்தில் போல, இருவர் ஒரு வேட்டியைப் பிடித்துத் திரையாக நிற்கட்டும். பாத்திரம் அதன் பின்னால் வந்து வெளிப்படட்டும். ஒருவர் கட்டியக்காரனாக, அதாவது கூத்தில் கதையை அறிவித்துக் கூட்டத்தோடு பேசுபவராக இருந்து, "இது பள்ளிக்கூடச் சமையல்கூடம், சாம்பார் வாசனை வருதா?" என்று கேட்டால் செட் போட்டாயிற்று.

ஒத்திகைக்கு முட்டைக்குப் பதில் பிங்பாங் பந்து வையுங்கள். நிஜ முட்டை இரண்டாவது ஒத்திகைவரைகூடத் தாங்காது. கடைசி இரண்டு நாள் மட்டும், எங்கும் நிறுத்தாமல், முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

விழா அன்று மேடை ஓரத்தில் நின்று வரி எடுத்துக் கொடுக்கப் போகாதீர்கள். யாராவது மறந்து நின்றால் கட்டியக்காரன் உள்ளே வந்து, "என்னம்மா, பசியில பேச்சு வரலையா?" என்று கேட்பான். எங்கள் விழாவில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.