செட்டிநாட்டுக்கு வந்தால் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்போது?

காரைக்குடியில் டாக்ஸி ஓட்டுகிறேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் பிழைப்பு. வண்டி ஏறிய கொஞ்ச நேரத்தில் பலரும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அண்ணே, இங்கே யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்?" தொகையில் பெரிய சிக்கல் இல்லை. உழைத்தவர் கைக்கே போய்ச் சேருகிறதா என்பதுதான் சிக்கல்.

முதலில் சில்லறை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மீதிக்கு நிற்காதீர்கள். காவலுக்கு இருக்கும் பெரியவர்கள் பலரிடம் பட்டன் போன்தான். ஜிபே எல்லாம் நடக்காது. காரைக்குடியிலேயே ஒரு பலகாரக் கடையில் மணகோலமோ சீப்புச்சீடையோ வாங்கி, ஐம்பதும் நூறுமாக மாற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் முன்னாலும் பர்ஸை விரித்துத் தேடினால் வாங்குகிறவருக்கும் கூச்சம்.

பழைய வீடு பார்க்கப் போகும்போதுதான் நிதானம் வேண்டும். பெரிய வீடுகள் பலவும் பங்காளிகளுக்குப் பொதுவானவை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், சாமி காரியம் என்றால் வந்து கூடுவார்கள். மற்ற நாளில் சாவி வாட்ச்மேனிடம். அவர் முகப்பில் தொடங்கி, நடுவில் முற்றம் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி வரை கூட்டிப்போவார். பர்மா தேக்குத் தூணைத் தட்டிக் காட்டுவார். சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வார். டிக்கெட் போட்டிருந்தால் அந்தக் காசு வீட்டுக் கணக்கு, அவர் கணக்கு இல்லை. இரண்டு பேர் என்றால் நூறு ரூபாய், குடும்பமாகப் போனால் இருநூறு கொடுக்கலாம். பார்த்து முடித்து, "போய்ட்டு வர்றோம்யா" என்று சொல்லும்போது கையில் கொடுங்கள். உள்ளே நுழையும்போதே கொடுத்தால் பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆனால் கொத்துச்சாவியோடு வருகிறவர் எல்லாம் வாட்ச்மேன் இல்லை. ஊருக்கு வந்திருக்கிற வீட்டுச் செட்டியாரே வேட்டியும் துண்டுமாக வந்து காட்டுவார். நான் கூட்டிப்போன ஒரு பெங்களூர்த் தம்பி அப்படி ஒருவர் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்தார். பெரியவர் தாளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், "வச்சுக்கங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்து, "தம்பிக்குக் காப்பி கொண்டாங்க" என்றார். தம்பிக்குக் காப்பி இறங்கவே இல்லை. அதனால் முதலிலேயே, "ஐயா, இது உங்க வீடுதானா?" என்று கேட்டுவிடுங்கள். காவல்காரர் என்றால் அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் என்றால் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள், ஒரு கும்பிடு போதும்.

பாரம்பரிய விடுதியில் தங்கினால், இலையில் பரிமாறுகிறவர் கண்ணில் படுவார், காசும் அவருக்கே போகும். பின்கட்டில் மசாலா அரைக்கிற அக்காவும் பாத்திரம் கழுவுகிறவரும் கண்ணில் படமாட்டார்கள். வரவேற்பில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி இருந்தால், அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று மேலாளரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பதில் மழுப்பலாக வந்தால், "சமையல்காரங்களப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்று அடுப்படிக்கே போய்க் கொடுத்துவிடுங்கள். அறை சுத்தம் செய்கிறவருக்கு நாளுக்கு ஐம்பதோ நூறோ, அன்றன்றைக்கே. கடைசி நாளில் வேறு ஆள் வேலையில் இருப்பார்.

மெஸ்ஸில் ஆளுக்குப் பத்து, இருபது போதும். பில்லோடு சோம்பு வரும் தட்டில் வையுங்கள். இலைக்கு அடியில் வேண்டாம், இலையோடு சுருட்டித் தொட்டிக்குப் போய்விடும்.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிச் சேர்க்கக்கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. மறுத்தால் 1915-க்குப் போன் பண்ணலாம். ஜிஎஸ்டி வேறு, அது கட்டித்தான் ஆக வேண்டும்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுவதைப் பார்க்காமல் போகாதீர்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே சிமெண்டும் மணலும் போடுவார்கள். கையெல்லாம் சிமெண்டாக இருக்கும் நேரத்தில் தாளை நீட்டினால் அவர் என்ன செய்வார்? "பையில வச்சிரவாண்ணே?" என்று கேட்டுச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். ஐம்பது போதும். வாசலில் பிள்ளைகள் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போவதைவிட இது லாபம் என்று பழகிவிடும்.

கோயிலில் அர்ச்சகர் தட்டில் போடுவது உங்கள் விருப்பம். உண்டியலில் போட்டால் கோயிலுக்கு.

கடைசியாக டிரைவர். நான் சொன்னால் சொந்தக் கதை என்பீர்கள், பரவாயில்லை. பேட்டா என்பது கூலியில் சேர்ந்தது, டிப்ஸ் இல்லை. ராத்திரி ஓடினால் பேட்டா கூடும், வண்டி பேசும்போதே கேட்டுவிடுங்கள். நாள் முழுக்க ஓட்டினவருக்கு அதற்கு மேல் இருநூறு கொடுத்தால் நல்ல மரியாதை. அதைவிட, மத்தியானம் நீங்கள் இலையில் உட்காரும் முன், டிரைவருக்குச் சாப்பாடு எங்கே என்று விடுதியில் ஒரு வார்த்தை கேளுங்கள். சில இடங்களில் எங்களுக்கென்று தனியாகப் போடுவார்கள்; இல்லாத இடத்தில் நாங்கள் காரைக்குடிக்குத் திரும்பித்தான் சாப்பிட வேண்டும், அதற்குள் மணி நாலாகிவிடும்.