செரஸை நீலமாக்கிய தீபாவளிப் புகை: குறுங்கோள் நிறமாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கானாடுகாத்தான் பக்கமிருந்து இரண்டு கல்லூரிப் பையன்கள் எங்கள் காரைக்குடி வீட்டு மொட்டைமாடிக்கு வந்தார்கள். எட்டு அங்குலத் தொலைநோக்கி, ஒளியை நிறமாலையாக, அதாவது நிறம் நிறமாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடு போட்ட கிரேட்டிங், கறுப்பு வெள்ளை கேமரா, எல்லாம் கச்சிதம்.

"வெஸ்டாவோட நிறமாலையை எடுக்கப் போறோம்ணே."

"சரி. ஒப்பிட நட்சத்திரம்?"

"அதை முந்தாநாளே எடுத்து வச்சுட்டோம்ணே."

எனக்குச் சுருக்கென்றது. ஃபோகஸ் போனது, பேட்டரி தீர்ந்தது பற்றியெல்லாம் எழுத மாட்டேன். ஒரு ராத்திரி பட்டால் தானாகவே புத்தி வந்துவிடும். கீழே சொல்லும் தவறுகள் அப்படியில்லை.

நட்சத்திரத்தை வேறு நேரத்தில், வேறு உயரத்தில் எடுப்பது

வெஸ்டா, செரஸ் போன்ற குறுங்கோள் சூரியனைச் சுற்றும் ஒரு பாறை; அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய ஒளி அதன் மேல் பட்டுத் திரும்பி வருகிறது. கேமராவுக்கு வந்து சேரும்போது அதில் சூரியன், பாறை, நம் தலைக்கு மேலுள்ள காற்று, கேமராவின் சொந்தக் குணம் நாலும் கலந்திருக்கும். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தையும் எடுத்து, அதன் நிறமாலையால் வகுத்தால் பாறை மட்டும் மிஞ்சும். ஆனால் இரண்டும் ஒரே காற்றைக் கடந்து வந்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

2021 நவம்பர் 4 தீபாவளி. மறுநாள் ராத்திரி மழை விட்டு வானம் திறந்தது. அமாவாசை இருட்டு. செரஸ் ரோகிணியை ஒட்டி நின்றது. புத்தகங்களில் எல்லாம் சூரியனுக்கு ஜோடியாக 16 சிக்னி பி என்ற நட்சத்திரத்தைத்தான் சொல்வார்கள். அந்தப் புத்தகங்கள் நமக்கு ரொம்ப வடக்கே இருப்பவர்கள் எழுதியவை என்பது எனக்கு உறைக்கவில்லை. 10 டிகிரி அட்சரேகையில் இருக்கும் காரைக்குடியில் அது உச்சிக்கு வந்தாலே 50 டிகிரியைத் தாண்டாது. அன்று எட்டு மணிக்கு வடமேற்கில் 35 டிகிரிக்கு இறங்கியிருந்தது. தலைக்கு மேல் இருப்பதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு காற்று, அதில் ஊர் முழுக்க வெடித்த மிச்ச வெடியின் புகை வேறு. எடுத்தேன். செரஸ் ஏறி வருவதற்குள் நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிட்டது. அதற்குள் புகை அடங்கிவிட்டது, செரஸும் கிட்டத்தட்ட உச்சியில். அதையும் எடுத்தேன். வகுத்தேன்.

வகுத்ததில் கிடைக்கும் செரஸின் வரைகோடு ஏறக்குறைய தட்டையாக வர வேண்டும். எனக்கு நீலப் பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. காற்றும் புகையும் நட்சத்திரத்தின் நீலத்தைத் தின்றிருந்தன. அதனால் வகுத்ததில் செரஸ் நீலமாயிற்று. நானோ, செரஸும் பல்லாஸ் என்ற குறுங்கோளைப் போல நீலச் சாயலுள்ள பி (B) வகை என்று குதித்தேன். 0.94 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு மேடு இருந்தது. அது காற்றிலுள்ள நீராவி ஒளியை உறிஞ்சும் இடம். எந்தப் பாறையும் அந்த இடத்தில் அப்படியொரு மேட்டைக் காட்டாது. இரைச்சல் என்று சொல்லி அதை வழித்துவிட்டேன். சாட்சி சொல்ல வந்தவனையே விரட்டிய மாதிரி.

ஒரு கல்லூரியில் அந்தப் படத்தைப் போட்டுப் பேசினேன். கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நட்சத்திரத்தை எத்தனை மணிக்குத் தம்பி எடுத்தீங்க?"

இன்னும் எரிச்சல் தருவது வேறு. எச்டி 28099 என்றொரு நட்சத்திரம், ஹயடீஸ் 64 என்றும் சொல்வார்கள். சூரியனின் சாயல், பிரகாச எண் (magnitude) 8. அன்று அது செரஸுக்கு இரண்டு மூன்று டிகிரி தள்ளித்தான் இருந்தது. தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளியிருந்தால் போதும். இது தெரியவந்தபோது வானம் திரும்ப மூடிவிட்டது; செரஸ் அடுத்து சூரியனுக்கு நேரெதிரே வந்தது 2023 மார்ச்சில்.

வெஸ்டாவில் ஆபத்து இன்னும் கூடுதல். அதில் பைராக்ஸீன் கனிமத்தின் பள்ளம் 0.93 மைக்ரான் அருகில் நிஜமாகவே இருக்கிறது. 1970-ல் அந்தப் பள்ளத்தை யூக்ரைட் விண்கற்களோடு பொருத்திப் பார்த்துத்தான் அவை வெஸ்டாவின் சாதிக் கற்கள் என்று கண்டார்கள். 1996-ல் ராஜஸ்தானின் பிப்ளியா கலானில் விழுந்ததும் ஒரு யூக்ரைட்தான். வெஸ்டா தாழ்வாகவும் நட்சத்திரம் உச்சியிலும் இருந்தால், நீராவியின் பள்ளம் பாறையின் பள்ளத்தின் மேலேயே விழும். எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

இப்போது குறுங்கோளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என நட்சத்திரத்தை எடுக்கிறேன், முடிந்தவரை அதே உயரத்தில். தை, மாசியில் ஹயடீஸ் 64. வைகாசி, ஆனியில் 18 ஸ்கார்ப்பி. அது இங்கே 71 டிகிரிவரை ஏறும்.

ஐஆர் கட் ஃபில்டரோடு எடுப்பது

அகச்சிவப்பைத் தடுக்கும் இந்த ஃபில்டர் இருந்தால் 0.7 மைக்ரானுக்கு மேல் ஒன்றும் வராது. கழற்றுங்கள்.

இரண்டாம் வரிசையை மறப்பது

கிரேட்டிங் 0.4 மைக்ரான் நீலத்தை இரண்டாம் முறையாக 0.8 மைக்ரான் சிவப்பின் மேலேயே கொண்டுவந்து போடும். சிவப்புப் பக்கத்தை ஆரஞ்சு ஃபில்டர் வைத்துத் தனியாக எடுங்கள்.

வளவிலிருந்து (வீட்டு நடுமுற்றத்திலிருந்து) பார்ப்பது

தெரு விளக்கு உள்ளே வராது, உட்காரத் தாழ்வாரம் இருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பக்க ஓடும் பகல் சூட்டை ராத்திரி வெகுநேரம் கக்கிக்கொண்டே இருக்கும். ஒளியை ஒடுக்கி அனுப்பும் பிளவு (slit) இல்லாத கிரேட்டிங்கில் நட்சத்திரம் எவ்வளவு துடிக்கிறதோ, நிறமாலையும் அவ்வளவு கலங்கும்.

"உலோகம்!" என்று அறிவிப்பது

உலோகம் இருப்பதாகக் கருதப்படும் எம் (M) வகைக் குறுங்கோளின் நிறமாலையும் இ (E), பி (P) வகைகளின் நிறமாலையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.

அப்புறம் அந்தப் பையன்கள். வெஸ்டாவுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரத்தை எடுக்க வைத்தேன். முடிந்ததும் ஒருவன், "அப்ப முந்தாநாள் எடுத்ததைத் தூக்கிப் போட்டுடலாமாண்ணே?" என்றான். போடாதே, இன்றைக்கு எடுத்ததை அதால் வகு என்றேன். அதே நட்சத்திரம், அதே கேமரா. கோடு தட்டையாக வர வேண்டும். மடிக்கணினியில் வந்த கோட்டில் 0.94-ல் ஒரு குழி விழுந்திருந்தது.