சீலிங்கைக் கழற்ற முதல் ஒரு நிமிடம்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீட்டுச் சீலிங்கைக் கழற்றப் போகிறீர்களா, மேசன் பாஸ் சுத்தியலைத் தூக்க முதல் கொஞ்சம் பொறுங்கள். சாம்பல் நிறத் தட்டைச் சீட்டும், மேலே இருக்கும் நெளிச்சீட்டும் அஸ்பெஸ்டஸாக இருக்க நல்ல வாய்ப்புண்டு, ஆனால் கண்ணால் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது, அஸ்பெஸ்டஸ் நார் அவ்வளவு நுண்ணியது, ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உடைந்த விளிம்பில் நார்க்கற்றை நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இல் தடை செய்துவிட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸால் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் புற்றுநோய் தரும்.

உடையாமல் இருக்கும் சீட்டைச் சும்மா விடுவதே மேல். துளை போடுவது, தேய்ப்பது, காய்ந்த தூசியைத் தும்புத்தடியால் கூட்டுவது எல்லாம் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்புறம், கனடாவில் சொந்தக்காரர் பழைய வீடு வாங்கினால், கூரைக்கடியில் சின்னக் கூழாங்கல் மாதிரி மினுங்கும் வெர்மிகுலைட் (குளிர் தாக்காமல் இருக்கப் போடும் கனிமம்) கொட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். 1990இல் மூடப்பட்ட, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி வெர்மிகுலைட் சுரங்கத்துச் சரக்கில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது, சோனோலைட் என்ற பெயரில் விற்றார்கள். இருந்தால் கிளறவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.