ஸ்னூக்கர் வீடியோ பார்த்து பிரேக் எடுக்கக் கற்பது: கண் வெள்ளைப் பந்தில் இருக்கட்டும்

வீடியோவில் ஒரு நல்ல பிரேக் (தவறாமல் தொடர்ந்து பந்துகளை விழவைத்துப் புள்ளி சேர்ப்பது) ஓடும்போது நம் கண் பாக்கெட்டை நோக்கி உருளும் பந்தோடு போய்விடும். அதற்குள் வெள்ளை எந்தக் குஷனைத் தொட்டு எங்கே நின்றது என்பது தவறிவிடுகிறது. பிரேக் கற்க விரும்புபவருக்கு வேண்டியதே அந்தத் தவறவிட்ட பாதிதான். விதிமுறை தெரியும், சுலபமான பந்து விழுகிறது, ஆனால் தொடர்ந்து 3 பந்துக்கு மேல் போகவில்லை என்பவர்களுக்கான முறை இது.

படி 1: சரியான வீடியோ

1997 உலகச் சாம்பியன்ஷிப்பில் ரோனி ஓ'சல்லிவன் 5 நிமிடம் 8 விநாடியில் அடித்த 147-ஐ (அதிகபட்ச பிரேக்) ரசிக்கலாம். அதிலிருந்து தொடங்க வேண்டாம். யோசிக்க இடமே தராது. 40 முதல் 60 புள்ளி வரையிலான, பிங்க்கையும் கருப்பையும் சுற்றியே நகரும் பிரேக் போதும். கேமரா மேசைக்கு நேர் மேலே இருந்தால் நல்லது. பின்னாலிருந்து எடுத்த காட்சியில் நீளம் சுருங்கித் தெரியும். கோணம் தப்பாகவே மனதில் பதியும்.

படி 2: முதல் தடவை, வெள்ளை மட்டும்

ஒலியை அணைத்துவிடுங்கள். நோட்டில் 178 × 89 மி.மீ. செவ்வகம் வரையுங்கள், 3569 × 1778 மி.மீ. ஆடுதளத்தின் இருபதில் ஒரு பங்கு அது. நீளவாக்கு நடுக்கோட்டில், மேல் குஷனிலிருந்து (கருப்புப் பக்கத்துக் குறுகிய விளிம்பு) 16 மி.மீ.-இல் கருப்பு, 45-இல் பிங்க், 89-இல் நீலம். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் வெள்ளை நின்ற இடத்தில் ஷாட் எண்ணை எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு எண்கள் விழுந்ததும், அவை மேசையின் ஒரு சிறு பகுதிக்குள்ளேயே குவிந்திருப்பது தெரியும். நீண்ட பயணம் ஏதாவது இருந்தால் அதற்கு முந்தைய ஷாட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பொசிஷன் (அடுத்த ஷாட்டுக்கு வெள்ளை நிற்கும் இடம்) கொஞ்சம் பிசகியிருக்கும்.

படி 3: இரண்டாம் தடவை, நிறுத்தி நிறுத்தி

உழைப்பு முழுக்க இங்கேதான். ஆட்டக்காரர் சாக் பூசும்போதே வீடியோவை நிறுத்திவிட்டு மூன்றை எழுதுங்கள்: இப்போது எந்தப் பந்து, அடுத்து எது, அந்த அடுத்த பந்துக்கு எந்தப் பக்கம் வெள்ளை நிற்க வேண்டும். மூன்றாவதை எழுதாமல் நகராதீர்கள். "கருப்புக்கு வர வேண்டும்" என்றால் பாதி விடைதான். கருப்புக்கு எந்தப் பக்கம்?

கருப்பு மேல் குஷனிலிருந்து சுமார் 32 செ.மீ. தள்ளி இருக்கிறது. மூலைப் பாக்கெட்டிலிருந்து கருப்பின் மையம் வழியாக ஒரு கோட்டை மறுபக்கம் வரை நீட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை அந்தக் கோட்டுக்குப் பிங்க் பக்கமாக நின்றால், கருப்பை அடித்ததும் மேல் குஷனுக்குப் போய்த் திரும்பும். குஷன் பக்கமாக நின்றால், குஷனைத் தொடாமலே பிங்க்கை நோக்கி வரும். கோட்டின் மேலேயே நின்றால் பந்து விழுவது எளிது, அதற்குப் பிறகு வழி இல்லை. முன்னே, பின்னே, அதே இடம் என்று மூன்றே வாய்ப்பு. தொடக்க நிலையில் பிரேக்குகள் முறிய முக்கியக் காரணம் இந்த நேர் பந்துதான்.

வெள்ளை எங்கே போகும் என்று கணிக்க ஒரே விதி போதும்: ஸ்டன் ஷாட்டில் (வெள்ளை உருளாமல் சறுக்கியபடி மோதுவது), பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக வெள்ளை விலகும். உருண்டபடி மோதினால் அதைவிட முன்னே வளையும்; ஸ்க்ரூ (பின்சுழற்சி) போட்டால் பின்னே. சைடை (பக்கச் சுழற்சி) இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அடிக்கும்போதே வெள்ளை குறிக்கோட்டிலிருந்து லேசாக விலகும் என்பதால், பாட்டிங்கும் சேர்ந்து கெடும்.

படி 4: உங்கள் விடை வேறாக இருந்தால்

ஓரிரண்டு ஷாட் கழித்துப் பார்த்தால்தான் சில காரணங்கள் புரியும். ஒட்டிக்கிடக்கும் சிவப்புகளைக் கலைக்க, 7 புள்ளிக் கருப்பை விட்டு 5 புள்ளி நீலத்தை எடுத்திருப்பார். 2 புள்ளி போனாலும் கலைந்த சிவப்புகளில் அதைவிட அதிகம் கிடைக்கும். இன்னொன்று, வெள்ளை வரும் திசை. அடுத்த பந்துக்கு நல்ல கோணம் தரும் பகுதியை நீளவாக்கில் கடந்து வந்தால், வேகம் 15 செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் கோணம் நிற்கும். குறுக்கே வெட்டி வந்தால் அதே 15 செ.மீ. தவறில் எல்லாம் போச்சு.

தேர்ந்த ஆட்டக்காரர் நீங்கள் நினைக்காத கடினமான பந்தை எடுத்தால் அப்படியே பின்பற்ற வேண்டாம். பத்தில் ஏழு முறையாவது உங்களுக்கு விழுமா என்று கேளுங்கள். விழாது, தவறினால் சிவப்புகள் எதிராளிக்குத் திறந்து கிடக்கும் என்றால் சேஃப்டி (எதிராளிக்கு எளிய பந்து கிடைக்காதபடி அடிப்பது). பாட்டை முயன்றபடியே வெள்ளை பாக் கோட்டுக்கு (கருப்புக்கு எதிர்முனையில் குறுக்கே போகும் கோடு) பின்னால் திரும்பிவிடுமானால் தாராளமாக அடிக்கலாம்: விழுந்தால் லாபம், விழாவிட்டாலும் நட்டமில்லை.

படி 5: மேசையில்

கலர் பந்துகள் எல்லாம் அவற்றின் புள்ளியில். பிங்க்குக்கும் கருப்புக்கும் இடைப்பட்ட பகுதியில், நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் விலக்கி 3 சிவப்பு: வலப்பக்கம் இரண்டு, 10 செ.மீ. இடைவெளியில்; இடப்பக்கம் ஒன்று. வெள்ளையைக் கையால் விரும்பிய இடத்தில் வைத்துத் தொடங்குங்கள். மூன்றுக்கும் கருப்பு எடுத்தால் 24, பிறகு ஆறு கலர்களையும் எடுத்து மேசையைக் காலி செய்தால் 51.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் வெள்ளை நிற்க வேண்டிய இடத்தைக் கியூ நுனியால் காட்டிவிட்டு அடியுங்கள். போட்டி மேசைத் துணி பெரும்பாலும் வேகமானது. வீடியோவில் பார்த்த மென்மையான அடி உங்கள் மேசையில் பாதி வழியில் நிற்கலாம். முதல் சில நிமிடங்களை வேகத்தைப் பழகவே ஒதுக்குங்கள்.

பிரேக் முறிந்தால் பந்து விழாததாலா, பொசிஷன் போனதாலா என்று குறித்துக்கொள்ளுங்கள். விழாததே அதிகம் என்றால் வீடியோவை மூடிவிட்டு நேர் பாட்டிங் பயிற்சிக்குப் போங்கள். பொசிஷனே அதிகம் என்றால் முறிந்த ஷாட்டை விட்டு அதற்கு முந்தைய ஷாட்டின் பந்துகளை அதே இடத்தில் வைத்து, வேகத்தை மட்டும் மாற்றி ஐந்தாறு முறை அடித்துப் பாருங்கள். 51 அடிக்கடி வரத் தொடங்கியதும் சிவப்பை 6 ஆக்கலாம். அதில் இரண்டை ஒட்டி வையுங்கள்.