ஹவுஸ் சர்ஜன் முடிக்கும் தம்பிக்கு: செல் ஆராய்ச்சிக்குப் போகும் வழி

தம்பி, பெரியாஸ்பத்திரி டியூட்டிக்கு நடுவிலும் ஆராய்ச்சி ஆசை விடவில்லை என்கிறாய். அப்படியானால் முதலில் ஒரு கேள்வியைப் பிடி. எந்த நிறுவனம் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

எனக்கு அது கண் வார்டில் கிடைத்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கியிருக்கிறான். வெடித்துக் கண்ணில் தெறித்துவிட்டது. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் இருக்கிற ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள்தான், கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கின்றன. அவை வெந்துபோனால், தானமாக வந்த கருவிழியை மட்டும் வைத்துத் தைத்தாலும் தெளிவு நிலைக்காது. அந்த விளிம்பில் அவற்றைத் தக்கவைப்பது எது? பையன் வீட்டுக்குப் போன பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எம்.எஸ்சி. படித்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டுக்கு எம்.பி.பி.எஸ். போதும், பெங்களூரில் இருக்கிற தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்.ஸும் பிஎச்.டி.க்கு நம்மைச் சேர்த்துக்கொள்கிறது. நெட் லைஃப் சயின்சஸ் (உயிர் அறிவியல்) தாளில் 200 மதிப்பெண். அதில் 100 ‘சி’ பகுதிக்கு. 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஆனால் பலவும் சோதனை முடிவைக் காட்டி என்ன புரிகிறது என்று கேட்பவை. மனப்பாடம் அங்கே உதவாது. தினம் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடு. முடிவுரையை மறைத்துவிட்டு, படங்களை மட்டும் பார்த்து நீயே முடிவை எழுது. நான் தேறியது இந்தப் பழக்கத்தால்தான்.

வீட்டில் பணம் பற்றிக் கேட்பார்கள். நெட் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலை எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000, வாடகைப்படி தனி. டாக்டர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். அதை அப்பா அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு.

விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதமாவது ஒரு லேபில் வேலை செய். மதுரையிலேயே காமராசர் பல்கலைக்கழக உயிரியல் துறையிலும் அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவிலும் கேட்டுப் பார். கடிதத்தில் மார்க்கை அடுக்காதே; அவர்கள் கட்டுரையைப் படித்து உனக்கு எழுந்த ஒரு சந்தேகத்தை எழுது.

வார்டில் சாயங்காலத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். லேபில் அந்த அவசரம் கெடுக்கும். என் சோதனையின் முதல் நல்ல முடிவைக் காட்டியபோது, “கன்ட்ரோல் எங்கேம்மா?” என்றார் பேராசிரியர். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து கலக்காமல், அதைக் கரைத்த திரவத்தை மட்டும் விட்ட தட்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மூன்று வார வேலையை மறுபடி தொடங்கினேன்.

ஆகவே போனதும் பெரிய சோதனை கேட்காதே. இன்குபேட்டரில் 37 டிகிரியில் வளரும் செல்களுக்கு மீடியம், அதாவது அவை வளரும் சத்துத் திரவம், மாற்றப் பழகு. தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அவை எப்படி ஒட்டியிருக்கின்றன என்று நோட்டில் வரைந்து தேதி போடு.