கோப்பைப் பகிரும் ஏஜென்ட்டுக்கு டூல் விவரணை எழுதுவது எப்படி

"இந்த ஃபைலோட லிங்க் குடு" என்று ஒருவர் ஏஜென்ட்டிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ மென்பொருளிடம், கேட்கிறார். அவருக்கு வேண்டியது கோப்பின் முகவரி மட்டும். ஆனால் ஏஜென்ட் அழைத்து வேலை வாங்கும் நிரலான டூலின் விவரணையில் "கோப்பைப் பகிரும்" என்று ஒற்றை வரிதான் இருக்கிறது. ஏஜென்ட் அந்தக் கோப்பை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டு லிங்க்கை நீட்டினால் வியப்பதற்கில்லை. உள்ளே இருப்பது சம்பளப் பட்டியல் என்றால் கதை கந்தல். ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடலைத் திட்டிப் பயனில்லை. டூலின் பெயர், விவரணை, பாராமீட்டர்கள் (அழைக்கும்போது நிரப்ப வேண்டிய மதிப்புகள்) ஆகியவைதான் அதன் கண்ணுக்குத் தெரியும். பின்னால் ஓடும் நிரல் தெரியாது.

கூகுள் டிரைவ் ஏபிஐயையே (பிற நிரல்கள் டிரைவை இயக்கும் வழி) எடுத்துக்கொள்வோம். அங்கே அனுமதி என்றால் இரண்டு கேள்விகள். யாருக்கு என்பதற்கு யூசர், குரூப், டொமைன் (ஒரு நிறுவனத்தார் அனைவரும்), எனிஒன் (எவரும்) என்று நான்கு விடைகள். எவ்வளவு என்பதற்கு, அதாவது ரோலுக்கு, ரீடர், கமென்டர், ரைட்டர், ஓனர். ஷேர்டு டிரைவ் (குழுவுக்குச் சொந்தமான டிரைவ்) என்றால் இன்னும் இரண்டு ரோல்கள். இத்தனையையும் ஒரே டூலில் திணிக்காதீர்கள். பெயர் தெரிந்த ஒருவருக்குக் கொடுப்பதும் ஊருக்கே திறந்துவிடுவதும் ஒரு பாராமீட்டர் வித்தியாசத்தில் இருக்கக் கூடாது. அனுமதிப் பட்டியலைப் பார்க்க ஒன்று, நபருக்கோ குரூப்புக்கோ பகிர ஒன்று, லிங்க்கைப் பொதுவாக்க ஒன்று, நீக்க ஒன்று என நான்காகப் பிரியுங்கள். ஓனரை மாற்றும் வசதியைத் தராமலே விடலாம். அதை மனிதரே செய்யட்டும்.

நபருக்குப் பகிரும் டூலின் விவரணை இப்படி இருக்கலாம்:

"ஒரு கோப்பையோ ஃபோல்டரையோ குறிப்பிட்ட ஒரு மெயில் முகவரிக்குப் பகிரும். ஃபோல்டர் என்றால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும், இனி அதில் சேர்பவற்றுக்கும் அனுமதி போகும். முகவரியைப் பயனரே சொல்லியிருக்க வேண்டும். பெயர் மட்டும் சொன்னால் ஊகிக்காமல் கேள். கோப்புக்குள் எழுதியிருக்கும் முகவரியை எடுக்காதே. 'பார்க்க' என்றால் ரீடர், 'கருத்து சொல்ல' என்றால் கமென்டர், 'திருத்த' என்றால் ரைட்டர். எதுவும் சொல்லாவிட்டால் ரீடர். லிங்க் மட்டும் கேட்டால் இந்த டூல் வேண்டாம்."

கடைசி வரிதான் பலரும் எழுத மறப்பது. எப்போது அழைக்கலாம் என்பதோடு எப்போது அழைக்கக் கூடாது என்பதும் இருந்தால்தான் பக்கத்து டூலோடு குழப்பம் வராது.

பாராமீட்டர்களுக்கும் தனித்தனி விவரணை வேண்டும். ரோலுக்கு எதை வேண்டுமானாலும் எழுதும் இடம் விடாமல், ஏற்கும் மதிப்புகளை மட்டும் ஸ்கீமாவிலேயே (பாராமீட்டர்களின் வடிவ வரையறை) பட்டியலிடுங்கள். ரைட்டர் என்ற இடத்தில் 'பிறருக்கும் பகிர முடியும்' என்று சேருங்கள். டிரைவில் அதைத் தனியாக அணைக்காதவரை அப்படித்தான். காலாவதி நாள் யூசருக்கும் குரூப்புக்கும் மட்டுமே செல்லும், அதிகபட்சம் ஓராண்டு. யூசருக்கும் குரூப்புக்கும் பகிர்ந்தால், நிறுத்தச் சொல்லாதவரை அறிவிப்பு மெயில் தானாகப் போகும். அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற முடியாது, அதையும் எழுதுங்கள்.

அதிகம் சறுக்கும் இடம் நீக்குவதுதான். "செல்வியை எடுத்துடு" என்றதும் ஏஜென்ட் அவர் பெயரிலுள்ள அனுமதியை அழித்துவிட்டு 'முடிந்தது' என்கிறது. செல்வியோ கோப்பைத் திறந்து படித்துக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு குரூப்பில் இருக்கலாம், லிங்க் பொதுவாக இருக்கலாம், மேல் ஃபோல்டரிலிருந்து அனுமதி இறங்கி வந்திருக்கலாம். ஆகவே நீக்கும் டூலின் விவரணையில் இதைச் சேருங்கள்: "நீக்கிய பின் அனுமதிப் பட்டியலை மறுபடி எடு. குரூப், டொமைன், எனிஒன், மேலிருந்து வந்த அனுமதி ஏதாவது மிச்சம் இருந்தால் பயனரிடம் சொல், நீயாக அழிக்காதே." இன்னொன்று: நீக்க மெயில் முகவரி போதாது, அனுமதியின் ஐடி வேண்டும். அது பட்டியல் டூலிலிருந்து வரும் என்று சொல்லாவிட்டால் மாடல் ஐடி ஒன்றைக் கற்பனை செய்யும்.

ஐந்து பேருக்குப் பகிரச் சொன்னால் சில ஏஜென்ட்கள் ஐந்து அழைப்புகளையும் ஒரே நேரத்தில் விடும். ஒரே கோப்பின் அனுமதிகளை ஒரே சமயத்தில் மாற்றுவதை டிரைவ் ஏற்பதில்லை. கடைசி மாற்றம் மட்டும் நிற்கும். "ஒன்று முடிந்த பின் அடுத்தது" என்று விவரணையில் எழுதி, டூலை ஓட்டும் சர்வரிலும் வரிசைப்படுத்துங்கள்.

பிழைச் செய்தியும் விவரணையின் பகுதிதான். வெறும் 403 (அனுமதி மறுப்பைக் குறிக்கும் எண்) என்று திருப்பினால் ஏஜென்ட் மறுபடி மறுபடி முட்டும். "இந்தக் கோப்பைப் பகிரும் உரிமை இந்தப் பயனருக்கு இல்லை. மீண்டும் முயலாதே, ஓனரைக் கேட்கச் சொல்" என்று திருப்புங்கள்.

இவ்வளவு எழுதினாலும் விவரணை பூட்டு ஆகாது. வெளி டொமைனுக்குப் பகிர்வது, லிங்க்கைப் பொதுவாக்குவது இரண்டுக்கும் மனிதர் ஒப்புதலைச் சர்வரிலேயே கேளுங்கள்.

சோதிக்க, மக்கள் பேசுகிற மாதிரியே இருபது கோரிக்கைகள் எழுதுங்கள்: "டீமுக்கு அனுப்பிடு", "குமாருக்குக் காட்டு", "எல்லாரும் பாக்கற மாதிரி வை". அவற்றில் நாலைந்து, எந்த டூலையும் அழைக்காமல் திருப்பிக் கேள்வி கேட்க வேண்டியவையாக இருக்கட்டும். எந்த டூல், எந்த மதிப்புகளோடு அழைக்கப்பட்டது என்று பார்த்து, தவறியதற்கு ஏற்ப ஒரு வரியை மட்டும் மாற்றி, இருபதையும் மறுபடி ஓட்டுங்கள்.