எஃப்பிஜிஏ டிசைன் திருட்டுப் போக வழிவிடும் தவறுகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பதப்படுத்திய தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்கிறார்கள். அதை அளக்கும் மெஷினுக்கு எஃப்பிஜிஏ (உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி ஏற்றக்கூடிய சிப்) வைத்து ஒரு போர்டு செய்து, காட்பாடியில் சின்னதாகக் கம்பெனி போட்டு விற்கிறீர்கள் என்று வையுங்கள். கொஞ்ச நாளில் அதே போர்டு வேறு பெயரில், பாதி விலைக்கு வருகிறது.

சிப்பில் ஏற்றும் டிசைன் ஃபைலுக்குப் பிட்ஸ்ட்ரீம் என்று பெயர். "பிட்ஸ்ட்ரீம் வெறும் ஒன்றும் பூஜ்யமும், எவனுக்குப் புரியப்போகிறது?" என்ற தைரியம்தான் முதல் தவறு. திருடுபவனுக்குப் புரியவே வேண்டாம். ஜைலிங்க்ஸ் கம்பெனியின் ஆர்டிக்ஸ்-7 (7 சீரிஸில் ஒன்று) போன்ற, எஸ்ராம் மெமரியில் டிசைனை வைக்கும் சிப்புகள் கரண்ட் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆன் செய்யும்போதெல்லாம் வெளியே இருக்கும் ஃபிளாஷ் மெமரி சிப்பிலிருந்து டிசைனைப் படித்துக்கொள்ளும். அந்த ஃபிளாஷை நகலெடுத்து, கடையில் வாங்கிய அதே சிப்போடு சேர்த்தால் போதும். சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்த வரிசையில் பூட்டில்லாத ஃபிளாஷையும் சேர்க்கலாம். (கோட்டைக் கோயிலுக்காவது 1981-ல் சாமி வந்துவிட்டார்.)

பிட்ஸ்ட்ரீமை ஏஇஎஸ்-256 என்கிரிப்ஷனால் பூட்டியவர்கள் சாவி விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். ஜைலிங்க்ஸின் டிசைன் சாஃப்ட்வேரான விவாடோ தரும் என்கேஒய் (.nky) ஃபைலில்தான் சாவி இருக்கிறது. அதையும் சேர்த்து மொத்த ஃபோல்டரையும் ஜிப் செய்து, அசெம்பிளி செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பூட்டு எதற்கு? போர்டுகள் திரும்பி வந்தபின் சாவியை நீங்களே ஏற்றுங்கள். சிப்புக்குள் ஒருமுறை எரித்தால் மாற்ற முடியாத இ-ஃபியூஸில் ஏற்றினால், சாவியைத் திரும்பப் படிக்க விடாத பிட்டையும் சேர்த்து எரிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

என்கிரிப்ஷனோடு கதை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. 2020-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸ்டார்பிளீட் தாக்குதல், ஜைலிங்க்ஸ் 7 சீரிஸ், விர்டெக்ஸ்-6 சிப்புகளின் பூட்டை உடைத்தது. பூட்டிய பிட்ஸ்ட்ரீமில் சிறு மாற்றம் செய்து, சிப்பே அதைப் பிரித்து வெளியிலிருந்து படிக்கக்கூடிய ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) கொட்டும்படி செய்தார்கள். குறை சிலிக்கானிலேயே இருப்பதால் அப்டேட் போட்டுச் சரிசெய்ய முடியாது. அதனால் 7 சீரிஸில் போர்டு செய்பவர்கள் விற்கும் போர்டில் ஜேடாக் கனெக்டரை (சிப்பில் ஏற்றவும் அதிலிருந்து படிக்கவும் உதவும் வாசல்) விட்டுவைப்பது வம்பு. அதை எடுத்துவிட்டாலும் திருடனின் வழி கடினமாகுமே தவிர முழுதும் அடைபடாது. ரகசியம் ரொம்ப முக்கியமென்றால் அல்ட்ராஸ்கேல் பிளஸ் மாதிரி புதிய தலைமுறைக்குப் போவதே மேல், விலை கடித்தாலும்.

சட்டப் பக்கமும் ஒரு குழப்பம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் செமிகண்டக்டர் லேஅவுட் சட்டம் காப்பது சிப்பின் உள்ளமைப்பு வரைவை. நீங்கள் வெரிலாக்கில் (சர்க்யூட்டை விவரித்து எழுதும் மொழி) எழுதும் புரோகிராமுக்கு 1957-இன் பதிப்புரிமைச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளியாளான ஒரு கல்லூரிப் பையனிடம் காசு கொடுத்துப் புரோகிராம் எழுதி வாங்கினால், கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை பொதுவாக அவனிடமே இருக்கும். ஒப்பந்தம் போட்டும் காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால், 5 ஆண்டுக்குத்தான் எழுதிக் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதாவிட்டால், இந்தியாவுக்குள் மட்டும்.